கொப்னிட் என்று ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் தெற்கே இருக்கிற கார்க் நகரத்தில் 11 ஆண்டுகளாக வசிக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை ஐரிஷ் மொழி வகுப்புக்குப் போகிறேன். ஆங்கிலத்தைச் சொல்லவில்லை, இந்த மண்ணின் பழைய மொழியைச் சொல்கிறேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற தோழிக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. இங்கே அதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். "வகுப்புக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் வேண்டாம். ஆனால் எங்கள் பெயராக இருக்க வேண்டும். நீ வெளியிலிருந்து வந்தவள், உன் காதுக்கு எப்படி இருக்கிறது, சொல்லு" என்றாள். அந்தத் தாளில் இருந்த பெயர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் பார்த்து "நியாம்" என்று கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது ஒரு பெண் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீவ்." எழுத்தில் என், ஐ, ஏ, எம், எச். ஒளி என்று பொருள். அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் நினைவிருக்கிறது. ஏனென்றால் நம் ஊரில் 'ழ'வுக்கு இசட்-எச் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, வெளியூர்க்காரர் அதைத் தப்பாகப் படிக்கும்போது மனதுக்குள் வருத்தப்பட்டவள் நான்.

ஐரிஷ் எழுத்து குழப்பமானது என்று பலரும் சொல்வார்கள். அப்படியில்லை. அதற்கென்று ஒழுங்கான விதிகள் இருக்கின்றன. மெய்யெழுத்தோடு எச் சேர்ந்தால் ஒலி இளகும், எம்-எச் 'வ' ஆகும். பக்கத்தில் இ, எ இருந்தால் எஸ் என்கிற எழுத்து 'ஷ' ஆகும், அதனால்தான் ஷினேட். ஒரே 'க'வைக் கடல், பகல், தங்கம் என்று மூன்று விதமாக ஒலிக்கிற நமக்கு இது புரியாததா? இன்னொன்றும் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரிஷ் மொழிக்குத் தனி அச்செழுத்து இருந்தது. அதில் இந்த எச் கிடையாது. இளகிய மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். வேலை வேறு என்றாலும், அந்தப் பழைய புத்தகங்களை முதல்முறை பார்த்தபோது நம் மெய்யெழுத்துகள்தான் கண்ணில் வந்து நின்றன.

சரி, பெயர்களுக்கு வருகிறேன்.

தாளில் முதலில் இருந்தது ஏடீன். பழங்கதையில் வருகிற அழகி. கணவனின் முதல் மனைவி பொறாமையால் அவளைக் குளத்து நீராக மாற்றுகிறாள். அந்த நீரிலிருந்து ஒரு புழுவாகி, பிறகு ஊதா நிறப் பூச்சியாகி, காற்றில் அலைக்கழிந்து, கடைசியில் ஒரு பெண்ணின் கிண்ணத்தில் விழுகிறாள். அந்தப் பெண் அதைக் குடித்துவிட, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வயிற்றில் மறுபடியும் ஏடீனாகப் பிறக்கிறாள். அருமையான கதைதான். ஆனால் தோழிக்கே அந்தப் பெயர் கொஞ்சம் மெல்லியதாகப் பட்டது, அடித்துவிட்டாள்.

இரண்டாவது லீயடன். எனக்கு உடனே பிடித்த பெயர் இது. லீயடன் ஒரு புலவர். அவரைப் பற்றிய பழைய ஐரிஷ் கதை ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஊர் ஊராகப் பாடிச் செல்லும் பயணத்தில் குரிதிர் என்கிற இன்னொரு புலவரைச் சந்திக்கிறார். அவர் திருமணம் பேச, என் பயணம் முடியட்டும் என்கிறார் லீயடன். ஆனால் குரிதிர் வருவதற்குள் லீயடன் துறவு பூண்டுவிடுகிறார். பிறகு அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் பாடுகிற பாடல்கள் இருக்கின்றனவே, நம் சங்கப் புலவர் வெள்ளிவீதியாரைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்காது. குரிதிர் கடல் கடந்து போய்விட, அவர் தொழுத கல்லின் மேலேயே கிடந்து லீயடன் உயிர்விட்டார் என்று கதை முடிகிறது. தோழி என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு துயரத்தை ஒரு குழந்தையின் தலையில் வைக்கலாமா?" வைக்கலாம் என்றே சொன்னேன். துயரத்தைவிட அவர் பாடியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது பெயர் கொப்னிட். தாளின் அடியில், சின்ன எழுத்தில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதியது போல இருந்தது. ஜி, ஓ, பி, என், ஏ, ஐ, டி. அவளுடைய அம்மாவுக்கு அந்தப் பெயரே ஆகவில்லை. அது கார்க், கெரி பக்கத்துக் கிழவிகளின் பெயர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று சொன்னார். அவர் பயப்படக் காரணம் இருக்கிறது. 'கொப்' என்றால் பறவையின் அலகு. ஆங்கிலப் பேச்சு வழக்கில் வாயைக் கொச்சையாகச் சொல்லும் சொல்லும் அதுதான்.

ஆனால் பெயரின் வேர் அலகு இல்லை, கொல்லன் என்று பொருள்படும் சொல்லோடு அதை இணைத்துப் பார்க்கிறார்கள். முடிவில் வரும் 'னிட்' பெண்பால் விகுதி, செல்லமாகச் சுருக்கும் விகுதி. கொப்னிட் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் புனிதர். ஒன்பது வெள்ளை மான்களைக் காணும் இடத்தில்தான் நீ தங்க வேண்டும் என்று ஒரு வானதூதர் அவரிடம் சொன்னாராம். மான்களைத் தேடித் தேடி, கார்க் மாவட்டத்தின் மேற்கே பாலிவோர்னி என்கிற ஊரில் ஒன்பதையும் ஒன்றாகக் கண்டார், அங்கேயே தங்கினார். அந்த இடத்தை 1951-இல் தோண்டிப் பார்த்தபோது இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்தன. கொல்லன் பெயரும் இரும்பும் ஒரே மண்ணில். அவர் தேனீக்களின் காவலர். மாடு திருட வந்தவர்கள் மேல் தேன்கூட்டைத் திறந்துவிட்டு விரட்டினார் என்று ஊரார் சொல்வார்கள். கார்க் நகரத்து ஹோனன் சிற்றாலயத்தில் ஹாரி கிளார்க் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. அதில் நீல உடையில் நிற்கிறார் கொப்னிட். எத்தனை முறை போனாலும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

இந்தப் பெயருக்கு நடந்தது என்ன தெரியுமா? ஆங்கிலம் ஆட்சி செய்த காலத்தில் பதிவேடுகளில் கொப்னிட் என்று எழுத மாட்டார்கள். அபிகெயில் என்றோ டெபோரா என்றோ எழுதிவிடுவார்கள். டெபோரா என்றால் எபிரேய மொழியில் தேனீ. யாரோ ஒருவர் பொருளைக் கவனித்துத்தான் மாற்றியிருக்கிறார். அப்படியும் அது மாற்றியதுதானே. கிரான்யா கிரேஸ் ஆனாள், ஸொரகா சாரா ஆனாள். தோழியின் கொள்ளுப்பாட்டிக்கு வீட்டில் கொப்னிட், பதிவேட்டில் அபிகெயில். இதை அவள் சொன்ன மாலையில்தான், தாளில் அந்தப் பெயர் ஏன் அவ்வளவு சின்னதாக எழுதப்பட்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது. பேத்தி என்கிற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது, பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்று அவளுக்குச் சொன்னேன். இங்கேயும் முதல் பெண்ணுக்கு அம்மாவழிப் பாட்டியின் பெயரை வைப்பதுதான் பழைய வழக்கம்.

அரிதான பெயர் தேடுகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். அரிது என்பது நிலைக்காது. ஃபீயா என்றொரு பெயர், மான், காட்டுத்தன்மை என்கிற சொற்களோடு உறவுள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்னால் தேடினாலும் கிடைக்காது. 2021-இல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான். ஆகவே அரிதா என்று பார்ப்பதைவிட, அந்தப் பெயருக்குப் பின்னால் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம், எழுத்தை மாற்றாதீர்கள். வெளிநாடுகளில் இருக்கிற குடும்பங்கள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நீவ், கீவா போன்ற பெயர்களை ஆங்கிலம் ஒலிப்பது போலவே எழுதிவிடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் பழைய பதிவேட்டுக்காரர் செய்த வேலையை நாமே செய்வது போல இருக்கிறது எனக்கு. உயிரெழுத்தின் மேல் இருக்கும் சாய்கோடு நெடிலைக் காட்டுவது. அதை விட்டால் நெடில் குறிலாகிவிடும். பெயரைத் தப்பாகப் படிப்பவருக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். எனக்கு அந்த நீவ் சொல்லிக்கொடுத்தது போல.

பெயரைக் கூப்பிட்டும் பார்க்க வேண்டும். நம்முடைய விளிவேற்றுமை மாதிரி, கண்ணன் கண்ணா ஆவது மாதிரி, ஐரிஷிலும் கூப்பிடும்போது பெயர் மாறும். ஆனால் மாறுவது முதலெழுத்து. கொப்னிட் என்பதைக் கூப்பிட்டால் முன்னால் ஒரு சின்ன 'அ' வந்து, முதல் மெய் தொண்டைக்குள் இளகி, "அ கொப்னிட்" என்று கிட்டத்தட்ட நம் 'அகம்' என்பதில் வரும் 'க' போல ஒலிக்கும். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது தோழி அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். லீயடன் என்பதை அதற்குப் பிறகு சொல்லவில்லை.

குழந்தை பிறந்தது. இங்கே மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தோழி தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தாள்.

கொப்னிட் திருநாள் பிப்ரவரி 11. அன்று பாலிவோர்னியில் புனிதரின் பழைய மரச்சிலையை வெளியே எடுத்து வைப்பார்கள். மக்கள் ரிப்பன் கொண்டுபோய்ச் சிலையின் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் அளந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நாளில் கட்டிக்கொள்ள எடுத்துவைப்பார்கள். இந்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் போகிறோம். குழந்தையின் பாட்டி மஞ்சள் நிறத்தில் மூன்று முழம் ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.