முழுகாதவளுக்கு ஒரு சோப்பு

(வெளிநாட்டுக் கற்கைப் பயணம் போகும் தாதியியல், இயன்மருத்துவ, மருந்தக மாணவர்களை வழியனுப்ப ஹட்டனில் கூடிய கூட்டத்தில் பேசியது. ஓரளவு திருத்தி எழுதியிருக்கிறேன். கைத்தட்டல்களை எடுத்துவிட்டேன்.)

தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, மழையிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, அதிபர்களே, தோட்டத் தலைவர்மாரே, இன்றைய தேநீரும் வடையும் தன் செலவு என்று சொல்லி என் பேச்சின் நீளத்துக்கு எல்லை போட்டுவிட்ட கடைவீதி முதலாளி அவர்களே, கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே! சென்ற முறை இதே மேடையில் இவரை விட்டுவிட்டேன். அந்த வருஷம் தேர்த் திருவிழா நோட்டீஸ் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. ஆகவே இன்னொரு தடவையும் சொல்கிறேன்: பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. குளிருக்கு நல்ல கனமான ஆடை.

நாளை மறுநாள் விமானம் ஏறப்போகும் ஒன்பது பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே! மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஏன் போக வேண்டும், போன இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும். செயலாளர் இருபது நிமிஷம் தந்திருக்கிறார்.

நான் 36 வருஷம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவன். அங்கே சுவரில் ஒரு பழமொழி எழுதி வைத்திருந்தேன்: தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஒருநாள் தோட்டத்தை நடத்தும் துரை வந்து இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அதனால்தான் மேடை கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன். சுவருக்கு அடித்த மாதிரி வாய்க்கு வெள்ளையடிக்க முடியாதே!

ஏன் போக வேண்டும்? பிள்ளைகள் சென்னையில் இறங்கி வேலூருக்குப் போகிறார்கள். அங்கே 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் சின்னதாக ஆரம்பித்த மருத்துவப் பணிதான் இன்றைக்குப் பெரிய மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. நோயாளி வரட்டும் என்று அந்த அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. சாலையோரத்தில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான், அங்கே மருத்துவ மாணவர்களைப் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் போய்த் தங்க வைப்பது. கட்டடத்தைப் பார்க்கப் போகாதீர்கள், அதைப் பாருங்கள்.

நம்முடைய பாட்டன் பூட்டன் வந்த வழியில்தான் இந்தப் பிள்ளைகள் எதிர்த்திசையில் போகிறார்கள். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட அவர்கள் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, அம்மைக்கும் வாந்திபேதிக்கும் பயந்த அதிகாரிகள் கையால் ஊசி குத்தப்பட்டு, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி ரயிலில் வந்தார்கள். 1914-இல் ரயில் வருவதற்கு முன்னே வந்தவர்கள் மாத்தளை வரை காடு வழியே நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களை எண்ணியது யார்? வெளிநாட்டுச் சுகாதாரப் பயணம் நமக்குப் புதிது என்று இனி யாரும் சொல்லக்கூடாது. அந்தத் தடவை நாம் நோயாளிகளாக வந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது விஷயம், எப்படி நடந்துகொள்வது. 1916-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிதியத்துக்காரர்கள் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு ஆரம்பித்தார்கள். அந்தப் புழு, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறி, மலை ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவார். அதைத்தான் பங்களாவில் சோம்பேறித்தனம் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் லயத்துக்கு, தொழிலாளர் இருக்கும் அந்த வரிசை வீடுகளுக்கு, கக்கூஸ் கட்ட வேண்டுமே? தோட்டத்துக்காரர்கள் அதற்குக் காசு இறக்கத் தயங்கினார்கள். மண் அப்படியே இருந்தது, கால் அப்படியே வெறுங்காலாக இருந்தது, புழு திரும்ப ஏறியது. வந்து போகிறவர் கொடுக்கும் மாத்திரைக்கும் இருக்கிறவர் கட்டும் கக்கூசுக்கும் உள்ள தூரம் இதுதான், பிள்ளைகளே.

இங்கேதான் என் டிஸ்பென்சரிக் கதை வருகிறது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

இருபது வருஷத்துக்கு மேலிருக்கும். மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பதினொரு மாணவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மொழிபெயர்க்கக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி. செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ் பேசுவார். அன்று காலையில் மேல் டிவிசனில் கொழுந்தெடுத்த நாலு பேருக்குக் குளவி கொட்டிவிட்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். வராந்தாவில் மேசை போட்டு இவர்களே நோயாளி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தங்கள் நாட்டில் தொட அனுமதியில்லாத வேலையை இன்னொரு நாட்டில் தொடக்கூடாது. இது இந்தப் பயணங்களின் முதல் விதி. அங்கேயே அது உடைந்தது.

ஒரு பெண் வந்தாள். "மூணு மாசமா முழுகாம இருக்கேன் ஐயா, இருமலும் விடல." தம்பி மொழிபெயர்த்தார்: இந்தப் பெண் மூன்று மாதமாகக் குளிக்கவில்லை.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏன், தண்ணீர் இல்லையா என்று கேட்கச் சொன்னார்கள். அவள், "தண்ணிக்கு என்னங்க கொறச்சல், பீலியில கொட்டுதே" என்றாள். பிறகு ஏன் என்று தம்பி விடாமல் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலை குனிந்தாள். "என்னயக் கேட்டா? எங்க வூட்டுக்காரரயில்ல கேக்கணும்!" தம்பி அதையும் மொழிபெயர்த்தார்: கணவர் குளிக்க விடுவதில்லையாம். எழுதிக்கொண்டார்கள், ஐயா, எழுதிக்கொண்டார்கள்! குடும்ப வன்முறை என்று தனிக் கட்டத்தில் எழுதினார்கள். அவள் கையில் ரோஸ் நிறத்தில் ஒரு சோப்புக் கட்டியைக் கொடுத்து, கை கழுவும் படமும் காட்டினார்கள். இருமலுக்கு டெட்ராசைக்ளின் என்று ஒரு சீட்டு.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அப்பாயி அந்தச் சோப்பைப் பிடுங்கி மேசையில் போட்டார். "அடப் பாவிகளா, அவ வயித்துல புள்ளடா!" என்று போட்ட சத்தம் எனக்கு மேல் டிவிசனில் கேட்டது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், ஆனால் கேட்டிருக்க வேண்டிய சத்தம்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் திரும்பி வந்து அந்தச் சீட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையின் பல்லையும் எலும்பையும் கெடுக்கக்கூடியது என்று கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கும் மருந்து அது. ஒரு வார்த்தை தெரியாததால் வந்தது. அந்தத் தம்பியும் தமிழர்தான், பாருங்கள். புத்தகத்துத் தமிழில் முழுகுதல் என்றால் குளித்தல். லயத்தில் முழுகாமல் இருப்பது என்றால் மாதவிலக்கு நின்று பிள்ளை உண்டாகியிருப்பது.

மறுநாள் பத்துப் பேரும் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க எல்ல என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். உயரமான பிள்ளை ஒன்று மட்டும் போகவில்லை. அந்த அப்பாயியின் காம்பராவில், அந்த லயத்து அறையில், நாலு நாள் தங்கியது. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்றது, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியது, அட்டை கடித்தது. மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் என்னிடம் வந்தது. கூட வந்த அப்பாயி பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டு சொன்னார்: தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். நான் சுவரில் எழுதியது அவருக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அந்தப் பிள்ளை என்னிடம் மருந்து கேட்கவில்லை, வலிச் சொற்களைக் கேட்டது. குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, மரத்துப்போவுது. ஒவ்வொன்றுக்கும் உடம்பில் தொட்டுக் காட்டி எழுதிக்கொண்டது. கற்கைப் பயணம் என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு பக்கம்தான்.

ஆகவே பிள்ளைகளே, வேலூரில் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். நோயாளியோடு படம் எடுத்துப் போடாதீர்கள். போகுமுன் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். மீதியை உங்கள் விரிவுரையாளர்கள் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது விஷயம், என்ன கொண்டு வருவது. அதற்கு முன் பெற்றோரிடம் ஒன்று கேட்க வேண்டும். கடல் தாண்டி மூன்று வாரம் போகிற பிள்ளை, திரும்பி வந்ததும் லயத்தில் மூன்று வாரம் தங்க வேண்டும் என்று நான் சொன்னபோது, ஒரு தகப்பன் கோபித்தார். "லயத்துல இருந்து ஏத்திவிட்ட புள்ளய மறுபடி லயத்துக்கா அனுப்பச் சொல்றீங்க?" அவர் கோபம் எனக்கு விளங்குகிறது. இந்த ஒன்பதில் ஒரு பிள்ளை, கெம்பசில் யார் கேட்டாலும் "நோர்வூட், டவுன்" என்றுதான் விலாசம் சொல்லுமாம். டவுனுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் ஐந்து மைல் தேயிலை இருக்கிறது. அந்த ஐந்து மைலை மறைக்கிற பிள்ளையிடம் நம் அம்மாமார் எப்படி வாய் திறந்து வலி சொல்வார்கள்?

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கோயாவில் 150 கட்டிலோடு இந்திய உதவியில் ஆஸ்பத்திரி கட்டி, 2017 மே மாதம் மோடி வந்து திறந்தார். நானும் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வண்டி வருகிறது, நல்லது. ஆனால் 1987-இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. எழுதியது கிளினிக் வாசல் வரை நடந்து வந்துவிட்டதா? என் மருமகளின் பிரசவ நேரத்தில், இடத்தைச் சொல்லமாட்டேன், வலியைச் சொல்ல ஆளில்லாமல் கூட்டிப் பெருக்க வந்த அக்காதான் மொழிபெயர்த்தார். அந்த அக்காவுக்குக் கோடி புண்ணியம். ஆனால் அது அவர் வேலையா?

இதைத்தான் நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழ் பேசும் ஒரு மிட்வைஃப். தமிழில் பயிற்றுவிக்க மலையகத்திலேயே ஒரு பயிற்சிக் கல்லூரி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம். இந்த மூன்றையும் எழுதிய மகஜர் வாசலில் மேசையில் இருக்கிறது.

செயலாளர் இப்போது எழுந்தே நின்றுவிட்டார். மூன்றாவது விஷயத்தைப் பிள்ளைகள் திரும்பி வந்த பிறகு அவர்களிடமே கேட்போம். வடை ஆறுவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் கைநாட்டு வைக்கலாம், மை வைத்திருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து கழற்றிக்கொண்டு போக வேண்டாம். போன கூட்டத்தில் மூன்று பேனா போயிற்று.