குளிசை கரைந்த பிறகு

வணக்கம் நேயர்களே. நம் ஊரில் மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவர்கள் பலர். போரும் இடப்பெயர்வும் கண்ட மண் இது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய பேச்சைக் கேட்டு யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் பதற்றமும் வரும், நித்திரை குழம்பும், நோயும் திரும்பலாம். விழுங்கிய மருந்து பிறகு எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

உடலுக்குள்ளேயே அது தீர்ந்துபோகும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மருந்தைப் பாருங்கள். அதன் நைதரசனில் இருக்கும் ஒரு மெதைல் கூட்டத்தை, அதாவது ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சிறு துண்டை, ஈரல் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது நோர்ட்ரிப்டிலின். அதுவே மனச்சோர்வுக்குத் தனி மருந்தாக விற்கப்படுகிறது! வென்லாபக்சினும் இப்படித்தான், டெஸ்வென்லாபக்சின் என்ற இன்னொரு மருந்தாக மாறுகிறது. இன்னொரு மனச்சோர்வு மருந்தான புளுஒக்செற்றினிலிருந்து வரும் நோர்புளுஒக்செற்றின் உடலில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அப்புறம் ஈரல் இவற்றில் ஒரு பங்கோடு சீனியைப் போன்ற குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி, நீரில் கரையவைத்துச் சிறுநீரில் அனுப்பும். கழிவில் உள்ள பற்றீரியாக்கள் அந்த ஒட்டைப் பிரித்துவிட்டால் பழைய மூலக்கூறு திரும்பவும் வந்துவிடும்.

குளத்திலோ ஆற்றிலோ சேர்ந்தால் வெயில் கொஞ்சம் உதவும். உக்கிய இலைதழையிலிருந்து நீரில் கரைந்தவை ஒளியை வாங்கி, மருந்தை உடைக்கும் தீவிரமான துணிக்கைகளை உண்டாக்கும். ஆனாலும் புளுஒக்செற்றினில் ஒரு காபனோடு மூன்று புளோரின் அணுக்கள் இருக்கின்றன. காபன்-புளோரின் பிணைப்பு மிக வலிமையானது. பற்றீரியாக்களுக்கு அதை உடைப்பது பெரும்பாடு.

இனி நம் நிலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆறென்று இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான். நம்மில் பலர் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் நிலத்தடி நீர். மலசலகூடக் குழியும் அதே கல்லில்தான் இறங்குகிறது. நம் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடியதற்கு உரத்தோடு இந்தக் குழிகளும் காரணம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். நைத்திரேற்றுப் போகிற வழியில் மருந்தும் போகலாம். அங்கே வெயில் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. புளுஒக்செற்றின் போன்றவை நேரேற்றம் (நேர் மின்னேற்றம்) கொண்டவை. களியிலும் உக்கலிலும் ஒட்டிக்கொள்ளும். வலிகாமத்துச் செம்மண் அந்த வகையில் நமக்குக் காவல். குழி வெட்டும்போது அந்த மண்ணைத் தாண்டிக் கல்லுக்கே போய்விடுகிறோமே! வென்லாபக்சினோ மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, நீரோடு நகரும்.

உலகின் பல ஆறுகளில் இவை லீற்றருக்கு நனோகிராம் (கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காணப்பட்டிருக்கின்றன. ஒரு லீற்றரில் 100 நனோகிராம் என்றால், தினம் இரண்டு லீற்றர் வீதம் ஆயுள் முழுக்கக் குடித்தாலும் 20 மில்லிகிராம் குளிசை ஒன்றின் அளவு உள்ளே போகாது. ஆகவே கிணற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் கவலை நீரில் வாழும் உயிர்கள். இந்த மருந்துகள் தொடும் செரோட்டோனின், நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள், நமக்கு மட்டும் உரியதல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் மட்டிக்கும் உண்டு. 2005இல் அமெரிக்காவின் டெக்சாசில், கழிவுநீர் கலக்கும் ஓடையொன்றின் மீன்களின் மூளையிலேயே புளுஒக்செற்றினையும் சேர்ட்ராலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தையும் கண்டார்கள். 2010இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், லீற்றருக்கு அதே 100 நனோகிராம் புளுஒக்செற்றின் கலந்த நீரில் இருந்த, இறால் போன்ற சிற்றுயிர்கள் வெளிச்சத்தை நோக்கி நீந்தின. ஒளிந்து வாழ வேண்டியது வெளிச்சத்துக்கு வந்தால் மீனுக்கும் பறவைக்கும் இரைதான். கடனீரேரியை நம்பி வாழும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமா?

உடலிலிருந்து வெளியேறுவதை நோயாளி தடுக்க முடியாது, அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றவும் கூடாது. மிச்சக் குளிசைகள் வேறு. மருந்து மாறியதும் பழையதை மலசலகூடத்தில் கொட்டுவதும் வளவில் புதைப்பதும் வேண்டாம். பார்மசியிலோ ஆஸ்பத்திரியிலோ திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊறிய தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். புது மருந்து தொடங்கும்போது இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதும் நல்லது.

வழக்கமான கிணற்றுநீர்ப் பரிசோதனையில் நைத்திரேற்றையும் கிருமியையும் பார்ப்பார்கள். இந்த மருந்துகள் அதில் தெரியா. ஐரோப்பிய ஒன்றியம் 2020இலேயே வென்லாபக்சினை நீர்நிலைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் குடாநாட்டிலும் மலசலகூடக் குழிக்கு மிக அருகே இருக்கும் கிணறுகளிலிருந்து இந்த மருந்துகளுக்கான சோதனையைத் தொடங்க வேண்டும் என்று நீர் வழங்கல் அதிகாரிகளையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களையும் இந்த ஒலிவாங்கி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.