படை நடத்தியவர் ஃபேர்ஃபாக்ஸ், பேர் வாங்கியவர் கிராம்வெல்

நடுவர் அவர்களே! கிராம்வெல் புகழ் பாடிவிட்டுக் கைதட்டலோடு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், மன்னர் முதலாம் சார்லஸின் படையை முறியடித்த பெருமை முழுக்க கிராம்வெல்லுக்கே என்கிறார். ஐயா, 1645 ஜூன் 14, நேஸ்பி போர்க்களத்தில் நாடாளுமன்றப் படைக்குத் தலைமைத் தளபதி யார்? சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ்! வயது 33. உங்கள் கிராம்வெல் அவருக்குக் கீழே குதிரைப்படைத் தலைவர்.

அந்தப் பதவியாவது தானாக வந்ததா? நாடாளுமன்ற உறுப்பினர்கள் படைப்பதவியை விட்டு விலக வேண்டும் என்று அந்த வருஷம்தான் சட்டம் போட்டிருந்தார்கள். கிராம்வெல்லோ உறுப்பினர். "இவர் எனக்கு வேண்டும்" என்று நாடாளுமன்றத்திடம் கேட்டு வாங்கியவர் ஃபேர்ஃபாக்ஸ். நாளைக்குத் தன்னை மிஞ்சக்கூடிய ஆளைத் தானே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? (நம்ம அணியிலேயே வராது, அது வேறு விஷயம்!)

முந்தைய வருஷம் மார்ஸ்டன் மூர் போர். ஃபேர்ஃபாக்ஸ் நின்ற வலப்பக்கம் சிதறிவிட்டது. கன்னத்தில் வெட்டுக்காயம். நாடாளுமன்றப் படையாள் என்று காட்டத் தொப்பியில் செருகியிருந்த வெள்ளை அடையாளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எதிரிப்படையின் ஊடாகவே குதிரையை ஓட்டி, மறுமுனையில் ஜெயித்துக்கொண்டிருந்த தம் தரப்புக் குதிரைப்படையோடு போய்ச் சேர்ந்தார். 1646இல் ஆக்ஸ்ஃபோர்டு சரணடைந்ததும் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்துக்குக் காவல் போட்டவரும் இவர்தான்.

கோல்செஸ்டரை இழுப்பீர்கள், தெரியும். 1648இல் அந்த ஊர் முற்றுகையில் சரணடைந்த மன்னர் தரப்புத் தளபதிகள் லூகஸ், லைல் இருவரையும் சுட்டுக்கொல்ல வைத்தார். அந்தக் கறையை நான் துடைக்க வரவில்லை. ஆனால் மன்னர் மீதான விசாரணைக்கு நீதிபதிகளில் ஒருவராக இவர் பெயரையும் போட்டார்களே, என்ன செய்தார்? முதல் கூட்டத்தோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. விசாரணை மண்டபத்தில் பெயரை வாசித்தபோது, "இங்கே வராத அளவுக்கு அவருக்குப் புத்தி இருக்கிறது" என்று மாடத்திலிருந்து குரல் கொடுத்தவர் அவர் மனைவி ஆன்! 1650இல் ஸ்காட்லாந்து தாக்குவதற்கு முன்பே அதன்மீது படையெடுக்கச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை, தலைமைப் பதவியையே விட்டுவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் கிராம்வெல்.

பதவி போனால் செல்வாக்கும் போய்விடும் என்பீர்கள். 1660 ஜனவரியில், வாதநோயால் வதங்கிய அதே மனிதர் யார்க்ஷயரில் மறுபடி குதிரையேறினார். எதிரே கிராம்வெல்லின் பழைய தளபதி லாம்பர்ட்டின் படை. அதிலிருந்த வீரர்கள் கூட்டமாகப் பிரிந்து இவர் பக்கம் வந்தார்கள். எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே!