ஹாஸ்கெல்லில் சொல் ஏணி: 'படம்' ஏன் 'பாடம்' ஆக மாட்டேன் என்கிறது?

அடுத்த கேள்விக்கு வருவோம். சொல் ஏணிப் புதிருக்கு நண்பர் ஒருவர் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் நிரல் எழுதியிருக்கிறார். லூயிஸ் கரோல் உருவாக்கி, 1879-ல் வானிட்டி ஃபேர் இதழில் வெளிவந்த புதிர் இது. ஒரு சொல்லில் தொடங்கி, படிக்கு ஒரு எழுத்தாக மாற்றி, இன்னொரு சொல்லை அடைய வேண்டும். இடையில் வருவதெல்லாம் அகராதிச் சொல்லாக இருக்க வேண்டும். "ஆங்கிலப் பட்டியலுக்கு நன்றாக ஓடுகிறது. தமிழில் கடல், மடல், மடம், மரம் என்றும் வழி சொல்கிறது. ஆனால் படத்திலிருந்து பாடத்துக்கு வழியே இல்லை என்கிறது. தேடலில் என்ன தப்பு?" என்று கேட்கிறார்.

தேடலில் ஒரு தப்பும் இல்லை, அதைத் தொடவே வேண்டாம்.

ஹாஸ்கெல்லில் சரம், அதாவது ஒரு சொல்லோ வாக்கியமோ, சார்களின் பட்டியல். ஒரு சார் என்றால் ஒரு யூனிகோடு குறியீடு, அதாவது கணினி ஒரு குறிக்குத் தரும் எண்; நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'படம்' நமக்கு மூன்று எழுத்து. நீளம் சொல்லும் லெங்த் போட்டால் 4 வரும், புள்ளி தனிக் குறியீடு என்பதால். 'பாடம்' என்றால் துணைக்காலும் சேர்ந்து 5. உங்கள் நிரல் முதலில் நீளம் சமமா என்று பார்த்து, அங்கேயே தள்ளிவிடுகிறது. 'கிளி', 'புளி' கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நீளம் 4தான், ஆனால் 'கி' போய் 'பு' வரும்போது இரண்டு குறியீடு மாறுகிறது. அதையும் ஏற்காது. கடலும் மரமும் தப்பித்ததற்குக் காரணம், அந்த வழியில் எல்லாமே அகர உயிர்மெய், கடைசியில் மட்டும் ஒரு புள்ளி.

சரி, என்ன செய்வது? சொல்லை உள்ளே வாங்கும் இடத்திலேயே எழுத்து எழுத்தாகப் பிரித்துவிடுங்கள். ஒரு சாரை எடுத்து, அதன் பின்னால் வரும் குறிகளை அதோடு சேர்த்து, மீதிக்கும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். டேட்டா.சார் என்ற நூலகத்தில் இருக்கும் இஸ்மார்க் என்ற சார்பு (ஃபங்ஷன்), துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் ட்ரூ, அதாவது 'ஆம்' என்று தரும். பட்டியலின் தொடக்கத்தில் பொருந்துவதை மட்டும் பிரித்துத் தரும் ஸ்பானுக்கு அதைக் கொடுத்தால் மூன்று வரியில் வேலை முடிந்தது.

அப்புறம், வித்தியாசத்தை எண்ணும் சார்பின் வகைக் குறிப்பில் 'சரம்' என்று கட்டிப்போடாதீர்கள். சமம் பார்க்க முடிந்த எதன் பட்டியலும் வரலாம் என்று எழுதுங்கள். உள்ளே ஒரு வரி மாறாது. ஆங்கிலத்துக்கு எழுதிய அதே சார்பு தமிழ் எழுத்துகளையும் ஒப்பிடும். எனக்கு ஹாஸ்கெல்லில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வேகம் பற்றியும் கேட்டிருந்தார். கணினி அறிஞர் டொனால்ட் நூத் தொகுத்த ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் 5,757. ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் சுமார் 1.66 கோடி ஒப்பீடு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு இடத்தையும் மறைத்துச் சாவி செய்யுங்கள்: '_டல்', 'க_ல்', 'கட_'. ஒரே சாவிக்கு வருவதையெல்லாம் சேர்க்கும் ஃப்ரம்லிஸ்ட்வித் வைத்து ஒரு மேப் (சாவிக்கு மதிப்பைத் தரும் அட்டவணை) கட்டினால், '_டல்' சாவியில் கடல், மடல், உடல், ஊடல், பாடல், கூடல் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். பக்கத்துச் சொற்கள் தயார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'கொ'வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. அதனால் பட்டியலைப் படித்ததும் முதலில் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு பிரியுங்கள். யூனிகோடு-ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் தொகுப்பில் அதற்கான சார்பு இருக்கிறது.