ரோமச் சிற்பிகள் தொழிலை மறந்துட்டாங்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. ரோம்ல பேரரசர் டிராஜனோட போர்க் காட்சிகளைச் செதுக்கின டிராஜன் தூண் பத்தி நாம பேசினது ஞாபகம் இருக்கும். அதைப் பாத்துட்டு ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "சார், கி.பி. 113-ல அவ்வளவு நுணுக்கமா செதுக்கினவங்க, இருநூறு வருஷம் கழிச்சு கான்ஸ்டன்டைன் வளைவுல பெரிய தலையும் குட்டைக் காலுமா பொம்மை மாதிரி செதுக்கியிருக்காங்களே, தொழில் மறந்துபோச்சா?" மூணு நாளா இந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்கு.

அந்த வளைவு ரோம்ல இருக்கிற ஒரு வெற்றி வளைவு, 315-ல முடிஞ்சது. 312-ல பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் போட்டியாளர் மாக்சென்டியஸை ஜெயிச்சதுக்காக ரோம ஆட்சி மன்றமான செனட் எடுத்தது. அதுல எல்லாச் சிற்பமும் அந்தக் காலத்துதில்ல. டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ்னு முந்தின பேரரசர்கள் காலத்துச் சிற்பங்களைக் கழட்டிக் கொண்டுவந்து பதிச்சிருக்காங்க. முகத்தை மட்டும் திருத்திச் செதுக்கிக்கிட்டாங்க. மேல ஹாட்ரியன் காலத்து வட்டச் சிற்பம், நேர் கீழயே நாலாம் நூற்றாண்டுல புதுசா செதுக்கின நீளப் பட்டைச் சிற்பம். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா யாருக்குமே அந்தச் சந்தேகம் வரும்.

எங்க அம்மாகிட்ட ரெண்டு படத்தைக் காட்டினேன். அவங்களுக்கு ரோமும் தெரியாது, ராஜாவும் தெரியாது. முதல் படம் ஹாட்ரியன் காலத்துப் பன்றி வேட்டை. குதிரை பாயுது, துணி பறக்குது, அவ்வளவு அழகு. "இதுல ராஜா யாரும்மா?"ன்னு கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் தேடினாங்க. "எல்லாருமே ராஜா மாதிரிதான்டா இருக்காங்க"ன்னாங்க. அடுத்த படம், கான்ஸ்டன்டைன் ஜனங்களுக்குக் காசு குடுக்கிற காட்சி. கேட்டு முடிக்கிறதுக்குள்ள விரலை வெச்சுட்டாங்க. "இதோ, நடுவுல உக்காந்திருக்காரே."

கவனிங்க, அந்த உருவத்துக்கு இன்னிக்குத் தலையே இல்ல. உடைஞ்சுபோச்சு. தலை இல்லாத ஆளைக் காட்டி இவர்தான் ராஜான்னு எங்கம்மா சொல்றாங்க! நட்டநடுவுல, நேரா நம்மைப் பாத்து, மத்தவங்களைவிடப் பெருசா உக்காந்திருக்கார். கீழ வரிசையா ஜனங்க, எல்லாக் கையும் அவரைப் பாத்து நீளுது. மேல சின்னச் சின்ன அறைகள்ல கணக்கர்கள் காசு எண்ணுறாங்க. யார் குடுக்கிறது, யார் வாங்குறது, தரையில நின்னு அண்ணாந்து பாக்குறவனுக்கு ஒரு நொடியில புரியணும். சிற்பிக்குக் குடுத்த வேலை அதுதான். இதை நான் முன்னாடியும் சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்றேன்: எப்படிச் செதுக்கினான்னு கேக்குறதுக்கு முன்னாடி, யார் எங்க நின்னு பாக்குறதுக்காகச் செதுக்கினான்னு கேளுங்க.

அவசரமும் உண்டு, மறுக்கல. மூணே வருஷம். ஆனா தொழிலை மறந்துட்டாங்கன்னா, கிட்டத்தட்ட 400-ல செஞ்ச, சிம்மாக்கஸ்ங்கிற ரோமப் பிரபு குடும்பத்துத் தந்தப் பலகையை என்ன சொல்றது? லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. ஓக் மரத்தடியில ஒரு பெண் பலிபீடத்துல சாம்பிராணி தூவுறா. ஒரு அடி உயரம்தான் பலகை. அதுக்குள்ள உடம்போட வளைவுல துணி விழுற மடிப்பைப் பாத்தீங்கன்னா பழைய கிரேக்க வேலைன்னே நினைப்பீங்க. அது பெரிய வீட்டுல கையில வெச்சுப் பாக்குற பொருள். வளைவு தெருவுல நிக்குறது.

ஓவியர் ராஃபேலும் இந்த வளைவைப் பாத்திருக்கார். போப் பத்தாம் லியோவுக்கு எழுதின கடிதத்துல, சிற்பங்கள் மட்டம், ஆனா கட்டடக்கலை நல்லா இருக்குன்னு சொல்றார். முதல் பாதியில எனக்கு உடன்பாடில்ல. ரெண்டாவது பாதியைப் பத்திதான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டிருக்கேன்.

வளைவுலருந்து கொஞ்ச தூரம் நடந்தா மாக்சென்டியஸ் பசிலிக்கா. பசிலிக்கான்னா அப்போ தேவாலயம் இல்ல, வழக்கும் வியாபாரமும் நடக்கிற பொது மண்டபம். அவர் ஆரம்பிச்சார், கான்ஸ்டன்டைன் முடிச்சார். அதுக்கு முந்தின பசிலிக்காக்கள்ல வரிசை வரிசையா தூண், மேல மரக்கூரை. இவங்க பொதுக்குளியல் மாளிகையோட பெரிய மண்டபத்தை மாதிரியா எடுத்துக்கிட்டாங்க. எரிமலைச் சாம்பல் கலந்த கான்கிரீட்ல வளைச்ச கூரை, நடுமண்டபம் சுமார் 35 மீட்டர் உயரம். பின்னாடி வந்த நிலநடுக்கங்கள்ல பெரும்பகுதி விழுந்துபோச்சு. வடக்குப் பக்கம் மூணு பெரிய கவிகைகள், அதாவது வளைச்ச கூரைகள், மட்டும் நிக்குது. எட்டுப் பளிங்குத் தூண் இருந்துச்சு, மிஞ்சின ஒண்ணை 1614-ல சாண்டா மரியா மஜோரே தேவாலயத்துக்கு முன்னாடி கொண்டுபோய் நட்டாங்க. தூண் போயும் கவிகை அப்படியே நிக்குது! பாரத்தைத் தாங்கினது சுவரும் கான்கிரீட்டும்தான், தூண் அலங்காரம்.

பழைய ரோமக் கோயில் தெய்வத்தோட வீடு. ஜனங்க வெளியில நிப்பாங்க, பலிபீடமும் வெளியில, அதனால அழகெல்லாம் வெளியில. இந்த பசிலிக்காவுல ஜனங்க உள்ள வந்துட்டாங்க. மேற்குக் கோடியில கான்ஸ்டன்டைனோட பிரம்மாண்டச் சிலை, தலை மட்டும் ரெண்டரை மீட்டர். உள்ள நுழையறவன் மேல அந்தக் கண்ணு விழணும்.

பழைய நகர மதிலுக்கு வெளியில, நாலாம் நூற்றாண்டு நடுவுல, கான்ஸ்டன்டைன் மகளுக்கான வட்டக் கல்லறை மண்டபம், சாண்டா கோஸ்டான்சா. வெளியில வெறும் செங்கல், கடந்து போயிடுவீங்க. உள்ள ஜோடி ஜோடியா பன்னிரண்டு இணைத் தூண், மேல பன்னிரண்டு ஜன்னல். வெளிச்சம் நடுவுல விழுது, சுத்துப்பாதை மங்கலா இருக்கு. அந்த மங்கல்ல அண்ணாந்து பாத்தா கூரை முழுக்க மொசைக், சின்னச் சின்னத் துண்டுகள் பதிச்ச ஓவியம். திராட்சைக்கொடி படர்ந்து கிடக்கு, சின்னப் பசங்க குலை பறிக்கிறாங்க, மாட்டுவண்டியில ஏத்துறாங்க, தொட்டியில இறங்கி மிதிக்கிறாங்க. சகோதரி, அடுத்த வாரம் அந்தக் கூரையை மட்டும் எடுத்துக்கிட்டுப் பேசுறேன், பாருங்க.