குரல் கம்மினா நெஞ்சுக்கு எதுக்கு ஸ்கேன்?

[திரையில்: கண்ணாடி முன்னால் பேச முயலும் ஒருவர்]

தொண்டை கட்டினா மிளகுப் பால், பனங்கற்கண்டு. சளியா இருந்தா ரெண்டு வாரத்துல சரியாயிடும். நாலு வாரமாகியும் குரல் வெறும் காத்தாவே வருதா? தண்ணி குடிச்சா புரையேறுதா? பேசும்போதே மூச்சு தீர்ந்துபோகுதா? கஷாயத்தை நிறுத்திட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. குரல் நாண் ஒண்ணு செயலிழந்திருக்கலாம்.

[திரையில்: குரல்வளை, மேலிருந்து]

ரெண்டு நாணும் மூச்சு இழுக்கும்போது விலகும், பேசும்போது சேர்ந்து அதிரும். ஆண் குரலுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேல, பெண் குரலுக்கு 200 வாக்கில. விழுங்கும்போது இறுக மூடிக்கும். ஒண்ணு அசையலேன்னா நடுவுல இடைவெளி விழுந்துடும்.

[திரையில்: நரம்பின் பாதை, சிவப்புக் கோடாக]

இப்ப நாணை அசைக்கிற நரம்பைப் பாருங்க. இடப்பக்க நரம்பு குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள்ள இறங்கி, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயான மகாதமனியைச் சுத்திக்கிட்டு மறுபடி மேல ஏறுது. வலப்பக்கத்துது கழுத்தடியிலயே திரும்பிடும். இடது நாண் அதிகமா பாதிக்கப்படுறது இதனாலதான். தைராய்டு ஆபரேஷன்ல நரம்பு அடிபடலாம், நுரையீரல் புற்றுநோய் அதை அழுத்தலாம். இதய வால்வு சுருங்கி, இதயத்தோட இடது மேலறை வீங்கினாலும் குரல் போகும். 1897-லயே வியன்னா டாக்டர் ஆர்ட்னர் இதை எழுதியிருக்கார். சிலருக்குக் காரணமே பிடிபடாது.

மூக்கு வழியா மெல்லிய கேமராவை விட்டு, "ஈ..."ன்னு இழுக்கச் சொல்வாங்க. எந்த நாண் அசையலேன்னு உடனே தெரியும். காரணம் தெரியலேன்னா மண்டையோட்டு அடியிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் சிடி ஸ்கேன். இது வீண் செலவு இல்ல. அந்த நரம்பு போற வழி முழுக்கப் பார்த்தாகணும்.

நரம்பு தானா தேற ஒரு வருஷம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் குரல் பயிற்சி, இல்லேன்னா நாணை நடுவுக்குத் தள்ளுற ஊசி. தேறலேன்னா, ஜப்பானிய டாக்டர் இஷிகி 1974-ல விவரிச்ச தைராய்டு குருத்தெலும்பு ஆபரேஷன். இது தைராய்டு சுரப்பி இல்ல, குரல்வளையோட முன்பக்கக் குருத்தெலும்பு. பெரும்பாலும் நோயாளி முழிச்சிருப்பார். "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க"ன்னு கேட்டுக் கேட்டு, குரல் சரியா வர்ற இடத்துல, நாணை நடுவுக்குத் தள்ளுற ஒரு சின்னத் துண்டைப் பொருத்துவாங்க.

ரெண்டு நாணும் நடுவுலயே நின்னுட்டா கதை வேற. குரல் நல்லாவே இருக்கும், மூச்சு அடைக்கும். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டா, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்க.