வோரிகொனசோல் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மகள் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். வாப்பாவுக்கு 64 வயது. முந்திக் காசநோய் வந்து சுகமானவர். இப்போது நுரையீரலில் பங்கசு (பூஞ்சைத் தொற்று) என்று வோரிகொனசோல் 200 மில்லிகிராம் குளிசை காலையும் மாலையும் கொடுத்திருக்கிறார்கள். ஆறு நாளாகிறது. குளிசை போட்டு அரை மணித்தியாலத்தில் லைட்டெல்லாம் மினுங்குகிறதாம், நிறம் மாறித் தெரிகிறதாம். வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய் வந்தால் முகம் சிவந்து எரிகிறதாம். "குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கிற புளுகொனசோலைக் கொடுக்கலாமா, அதுவும் பங்கசு மருந்துதானே?" என்று கேட்கிறார்.

மகள், இரண்டும் வேண்டாம். ஏனென்று சொல்கிறேன்.

முதலில் அந்த மினுங்கல். இந்தக் குளிசை போடுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வரும். மருந்து கண்ணின் விழித்திரையில் கொஞ்ச நேரம் விளையாடுகிறது. பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும், நாள் போகப் போகக் குறையும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் வாப்பா மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது. இரவில் ஓடவே வேண்டாம். எங்கள் பக்கத்து வட்டை ரோட்டில் லைட் போடாத உழவு இயந்திரமும் படுத்துக் கிடக்கிற மாடும் நல்ல கண்ணுக்கே தெரிவதில்லை. மினுங்கல் அடங்காமல் பார்வை மங்கிக்கொண்டே போனாலோ, இல்லாத ஆட்களைக் கண்டு பேசத் தொடங்கினாலோ அது வேறு கதை. இரத்தத்தில் மருந்து கூடிப்போயிருக்கலாம். அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம் பாதியாக உடைக்கிற விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பனடோலைப் பாதியாக்கினால் உடம்பில் மருந்தும் பாதியாகும். வோரிகொனசோலில் அந்தக் கணக்குச் சரிவராது. ஒரு வேளைக்கு 200ஐ 300 ஆக்கினால் உடம்பில் சேருகிற மருந்து ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டரை மடங்காகிறது. கீழே இறக்கும்போதும் அப்படித்தான், பாதியைவிட அதிகமாக விழுந்துவிடும். பங்கசு சாகாது, சும்மா மயங்கிக் கிடந்து திரும்ப எழும்பும். அதோடு எங்கள் ஆசியச் சனத்தில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு இந்த மருந்தை உடைக்கிற ஈரல் நொதியம் பிறவியிலேயே மந்தம். அவர்களுக்கு அதே குளிசை சராசரியாக நாலு மடங்கு ஏறும். வாப்பா எந்த ரகம் என்று நீங்களும் நானும் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்தின் அளவை இரத்தத்தில் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. செய்ய வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள், கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய வேலை.

புளுகொனசோல் கதை என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. பங்கசு என்று ஒரே பெயர் சொல்கிறோம், அதற்குள்ளே நூறு சாதி. பழைய காசநோய் விட்டுப்போன குழியில் வந்து குடியேறுகிறது அநேகமாக அஸ்பர்ஜிலஸ் என்கிற வகை. புளுகொனசோல் கன்டிடா போன்ற வேறு சாதிப் பங்கசுக்கு நல்ல மருந்து, அஸ்பர்ஜிலஸை அது அசைக்காது. கொடுத்தால் மருந்து போடுகிறோம் என்ற நிம்மதி மட்டும் இருக்கும். அந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முகம் எரிவது வெயிலால். இந்த மருந்து தோலை வெயிலுக்குப் பலவீனமாக்கிவிடும். இந்த வருத்தத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து போட வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் வெயிலும் மருந்தும் சேர்ந்தால் தோலில் புற்றுநோய் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். நீளக் கை சட்டை, அகலத் தொப்பி, பத்து மணிக்கு முன்னே வீடு. சூட்டடிக்கிற நாளில் வட்டைப் பக்கமே போக வேண்டாம் என்பேன். வைக்கோல் தூசுக்குள்ளேதான் அஸ்பர்ஜிலஸ் ஏராளமாக இருக்கிறது.

சாப்பாடு. இந்தக் குளிசை சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, அல்லது சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. இட்ராகொனசோல் என்கிற இன்னொரு பங்கசு மருந்தின் கெப்சியூல் இதற்கு நேர்மாறு, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்று குழம்ப வேண்டாம். நோன்பு காலம் வந்தால் அதற்கு முன்பே டொக்டரிடம் நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

இனி நான் கேட்கப் போகிற கேள்வி: வாப்பாவின் மருந்துப் பையில் வேறு என்ன இருக்கிறது? நான் பார்மசியில் நின்ற காலத்தில் ஒரு ஐயா, கதிரையை விட்டு எழும்ப முடியாத அளவுக்குத் தொடைநோவு என்று வந்தார். சொப்பின் பேக்கை மேசையில் கொட்டினேன். பங்கசுக் குளிசையோடு கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டட்டின், அதுவும் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு கார்ட். இரண்டும் ஒரே மருந்து என்று அவருக்குத் தெரியாது. பங்கசு மருந்து ஈரலில் வழியை அடைத்துவிட, சிம்வாஸ்டட்டின் உடம்பில் தேங்கித் தசையைக் கரைத்திருக்கிறது. சீனி வருத்தத்துக்குக் கிளிக்கிளசைட் போடுகிறவருக்குச் சீனி திடீரென்று இறங்கலாம், இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போடுகிறவருக்கு இரத்தம் கசியலாம். மறுபக்கமும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கிற ரிபாம்பிசின் வோரிகொனசோலைக் கிட்டத்தட்ட முழுக்க எரித்துவிடும், வலிப்புக்கான கார்பமசபினும் நன்றாகக் குறைத்துவிடக் கூடியது. நாட்டு மருந்து, முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த குளிசை, எதையும் ஒளிக்காமல் பையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

ஈரல் பரிசோதனைக்குத் திகதி தந்திருப்பார்கள். முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கால், பிறகு மாதம் ஒருக்கால் என்பது வழக்கம். தரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. இடையில் கண் மஞ்சளாகினாலோ, சிறுநீர் கறுத்தத் தேத்தண்ணி மாதிரிப் போனாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ, இருமும்போது இரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் மறந்த வேளையை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இன்றைக்கே எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் குளிசை, எத்தனை மணிக்கு மினுங்கல், எவ்வளவு நேரம். ஆறு நாளில் என்ன நடந்தது என்று வாப்பாவிடம் கேட்டால் "நல்லம்" என்றுதான் சொல்வார். அடுத்தது காத்தான்குடியிலிருந்து, நகத்தில் வந்த பங்கசு பற்றி.